கரூரில் கைமாறும் ஆலமரம்

மார்ச் 17, 2024, ஞாயிறு

மரம் வந்துவிட்டது. கரூர் பேருந்து நிலையத்துக்கு அக்கா பதினொன்றே காலுக்கு வந்தாள். எப்போதும் பதினொன்றுக்கு வருகிறவள். கால் மணி நேரம் தாமதம் என்று இங்கே குறித்து வைக்கிறேன்.

மரம் என்றால் ஆலமரம். ஒன்றரை அடி உயரம், நாற்பத்தெட்டு வயது, நீள்சதுரத் தொட்டி. பங்குனியில் போத்தனூருக்கு என்னிடம் வரும். ஐப்பசி பிறப்பதற்குள் திருச்சிக்கு அக்காவிடம் போகும். அக்கா கல்யாணமாகிப் போன வருடம் அம்மா சொன்ன தீர்ப்பு இது. திருச்சி வெயிலில் மரம் வெந்துவிடும், அதனால் வெயில் காலம் போத்தனூர், மழைக் காலம் திருச்சி. அம்மா போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

"தண்ணி காலையிலயே விட்டாச்சு."

"சரி."

"பாத்து எடுத்துட்டுப் போ."

"ம்."

ஒன்பது வருடங்களாக நாங்கள் பேசிக்கொள்வது இவ்வளவுதான். அக்டோபரில் முதல் வரியை நான் சொல்வேன், 'சரி'யை அவள் சொல்வாள்.

இந்தத் தடவை அவளுக்குப் புதுப் பவிசு. வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே நின்றாள். கூடையைப் பக்கத்தில் நின்ற ஒரு பையனை விட்டுத் தூக்கிக் கொடுக்கச் சொன்னாள். மகாராணி.

இந்த மரம் மட்டும் இல்லையென்றால் நானும் புனிதவதி அக்காவும் நேரில் பார்த்துக்கொள்ள வேறு காரணமே கிடையாது. அதற்காகத்தான் இதைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மரம் நல்ல மரம், அவ்வளவுதான்.

மார்ச் 18

காலையில் மொட்டை மாடியில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் காப்பி ஆறிப்போனது.

கிளையை வளைக்கக் கம்பி சுற்றும்போது சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளி இருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஸ்கேல் வைத்து அளந்தால்கூடப் பிசகாது அவள் சுற்று. இப்போது வந்திருப்பதைப் பார்த்தால் யாரோ அவசரத்தில் மூட்டை கட்டியது போல இருக்கிறது. ஓரிடத்தில் நெருக்கமாக நான்கு சுற்று, அப்புறம் ஒரு விரல் அளவு வெறும் இடம், அப்புறம் கம்பி மேல் கம்பி. ஒரு நுனிக்கிளையை வெட்டியிருக்கிறாள், அதுவும் பிய்ந்து நிற்கிறது.

அக்கறை இல்லை. வேறென்ன? எல்லாக் கம்பியையும் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தேன். வழக்கம்போல ஒரு உறையில் போட்டு '2024 பங்குனி' என்று எழுதி டப்பாவில் வைத்தேன். ஒன்பது வருடக் கம்பி அதில் இருக்கிறது. என்றாவது பேச்சு வந்தால் சாட்சி வேண்டுமே.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. பாயசம் வைத்தேன். தனி ஆளுக்கு அரை லிட்டர் பால் அதிகம்தான். மிச்சத்தைக் கீழ்வீட்டு சுலோசனாவுக்குக் கொடுத்தேன்.

வெயிலில் உடம்பு எரிகிறது. மரத்தை வேப்பமர நிழல் விழும் மூலைக்கு நகர்த்தினேன். வருடப் பிறப்பு என்றால் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்துவிடுகிறது. அப்பா சரக்கு ரயில் கார்டு. அன்றைக்கும் டியூட்டிக்குப் போய்விட்டார். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினான்கு. தண்ணீர்த் தொட்டிச் சுவரின் விரிசலில் இரண்டு இலையோடு ஓர் ஆலங்கன்று எட்டிப் பார்த்தது. சுவர் பிளந்துவிடும், மறுநாள் ஆள் வந்து பிடுங்கிவிடுவான் என்று அம்மா சொன்னாள். அக்கா என் தோளில் ஏறி நின்று, கொண்டை ஊசியால் காரையைச் சுரண்டிச் சுரண்டி, வேர் அறாமல் எடுத்தாள். ஒரு மணி நேரம். என் தோளில் இரண்டு நாள் வீக்கம் இருந்தது. எடுத்தவள் அவள், தாங்கியவள் நான். ஆகவே மரம் இருவருக்கும் பொது.

விளிம்பு உடைந்த ஊறுகாய் ஜாடியில் வைத்தோம். அரிசி களைந்த தண்ணீர்தான் சாப்பாடு. ஜாடி சின்னது, மண் கொஞ்சம், அதனால் மரமும் குட்டையாகவே நின்றது. ஏழெட்டு வருடம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு அக்கா சமையலறைக்குள் ஓடி வந்தாள். "திலகா, நம்ம ஜாடிக்கு ஒரு பேர் இருக்குடி! போன்சாயாம்! ஜப்பான்காரன் வளக்குறானாம்!" என்று குதித்தாள். அம்மா, "அவன் வீட்லயும் பெரிய தொட்டி இல்ல போல" என்றாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன். பாயசம் அதிகமாகிவிட்டது.

மே 7

கத்திரி வெயில். இரண்டு வேளை தண்ணீர். இலை உதிர்க்கும் வேலை இன்று முடிந்தது. மரத்தில் இருக்கிற ஒவ்வோர் இலையையும் காம்பில் கத்தரித்து எடுத்துவிட வேண்டும். மரம் திடுக்கிட்டுப்போய், அடுத்த தளிரைச் சின்னதாக விடும். அப்படித்தான் உள்ளங்கை அளவு இலை கட்டைவிரல் அளவுக்கு இறங்குகிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு இலை.

துணி காயப்போட வந்த சுலோசனா மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "ஏனுங்க்கா, மரத்த இப்படி வளரவுடாம வெச்சிருந்தா வீட்ல இருக்கறவங்க வளர்ச்சியும் அப்படியே நின்னுபோயிரும்ங்கறாங்க. ஆகாதுங்க்கா."

"எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு சுலோசனா. இனிமே வளந்தா நிலைப்படில தல இடிக்கும்" என்றேன்.

சிரித்துவிட்டுப் போனாள். கல்யாணம் காட்சி இல்லாமல், கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவியே வயதைக் கழித்தவளுக்கு மரம் என்ன புதிதாகக் கெடுதல் செய்துவிடப் போகிறது?

ஜூன் 23

சாரல். ஜில்லென்ற மேல்காற்று. மரம் முழுக்கச் செந்தளிர். இந்தப் பத்து நாள் மரத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அக்கா இதைப் பார்த்ததே இல்லை. முன்பெல்லாம் தபால் அட்டையில் எழுதுவேன். 'இன்று தளிர் விட்டது, நிறம் உன் கல்யாணப் பட்டு' என்று. மழைக் காலத்தில் அவள் எழுதுவாள். 'இன்று ஒரு விழுது. நூல் போல இருக்கிறது. தொட்டுவிடாதே என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன்.' அத்தான் இருந்த காலம் அது.

ஜூலை 19

ஒன்பது வருடத்துக்கு முன் இதே தேதியில் நம் ஊர்ப் போன்சாய்க் கண்காட்சியில் மரத்தை வைத்திருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுதித்தான் பார்ப்போமே. மரத்துக்கு இடப்பக்கம் தாழ்வாக ஒரு கிளை இருந்தது. அக்கா பன்னிரண்டு வருடம் வளைத்து வளைத்து உருவாக்கியது. கண்காட்சி முடிந்த அடுத்த வாரம் அதை நான் வெட்டினேன். ஒரே உயரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கிளை இருக்கக் கூடாது. விதி அப்படி. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பாடம். அந்த அக்டோபரில் கரூரில் துணியை விலக்கிப் பார்த்தவள், "உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?" என்றாள். அதற்கு அப்புறம் தண்ணீர் விட்டாச்சு, சரி, இவ்வளவுதான்.

விதிக்கு நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 11

தொட்டி அடியில் வேர் முட்டியது. கொஞ்சம் வெட்டி, மணல் சேர்த்து மாற்றி வைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 29

அறவாழி போன் செய்தான். அக்கா மகன். ரொம்ப நாளாயிற்று குரல் கேட்டு.

"சித்தி, நல்லாருக்கீங்களா? அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. இந்தத் தடவ மரம் உங்ககிட்டயே இருக்கட்டுமாம்."

"ஏன்?"

"இருக்கட்டும்னு சொன்னாங்க சித்தி."

"எப்ப எடுத்துக்கறாளாம்?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்னு."

சரி என்று வைத்துவிட்டேன். காரணம் கேட்கவில்லை. கேட்டால் குறைந்தா போய்விடுவேன்? ஆமாம், குறைந்துதான் போவேன். ஒன்பது வருடம் காத்திருந்து இப்படி ஒரு தண்டனை கொடுக்க அவளால்தான் முடியும். மரத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். இனி கரூர் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

கரூர் போய் வந்தேன். மரத்துக்கு இடமாற்றம் பழகிய ஒன்று, திடீரென்று நிறுத்தினால் அதற்கு ஒத்துக்கொள்ளாது என்று தோன்றியது. வழக்கமான பெஞ்சில் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை இருந்தேன். டீக்கடைக்காரர், "இன்னொரு அம்மா வரலீங்களா?" என்றார். பஸ் லேட் என்றேன்.

திரும்பி வரும்போது காங்கேயத்தில் நல்ல மழை.

நவம்பர் 10

நாற்பது வருடத்தில் முதல் தடவையாக இந்த மரத்தை மழைக் காலத்தில் பார்க்கிறேன். விழுது விடுகிறது. கிளையின் அடியில் முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி. நாலாம் நாள் அரை அங்குல நூல், நுனி மட்டும் இளஞ்சிவப்பு. தபால் அட்டையில் படித்தது எல்லாம் இதுதானா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். இவ்வளவு அழகான ஒன்றை ஆறு மாதம் அவள் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

விழுதை மண்ணில் இறக்க அவளிடம் ஒரு வழி உண்டு. பப்பாளி இலைக் காம்பு உள்ளே வெறும் குழாய்தானே, அதை விழுதுக்கு மாட்டி, ஈரமண் நிரப்பி, தொட்டி வரை இறக்குவாள். நானும் செய்து பார்த்தேன். ஒரு காம்பு மூன்றே நாளில் அழுகி, விழுதும் கருகிவிட்டது. இன்னொன்று மாட்டும்போதே ஒடிந்தது. எனக்கு இந்தப் பாதி மரம் தெரியவே தெரியாது.

நவம்பர் 17

காலையில் டப்பாவைக் கொட்டினேன். அவளைக் கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் கொட்டினேன். ஒன்பது உறையையும் மேசையில் வருட வரிசைப்படி பிரித்து வைத்தேன்.

முதல் ஆறு வருடக் கம்பியும் ஸ்பிரிங் மாதிரி. நறுக்கிய துண்டில்கூட இடைவெளி மாறவில்லை. 2022 உறையில் சில துண்டு கொஞ்சம் தள்ளாடுகிறது. 2023இல் பாதிக்கு மேல். இந்த வருடத்துத் துண்டுகளில் ஒன்றுகூடச் சீராக இல்லை. ஆனால் விட்ட இடத்தையெல்லாம் மறுபடி மறுபடி சுற்றியிருக்கிறாள். ஒரு சின்னக் கிளையில் கம்பி மூன்று தடவை ஒரே தடத்தில் போகிறது. அக்கறை இல்லாதவள் மூன்று தடவை சுற்ற மாட்டாள்.

முந்தானைக்குள் இருந்த கை. கூடையைத் தூக்கிக் கொடுத்த பையன்.

நான் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவள். இலையில் ஒரு புள்ளி இருந்தால் நோய் சொல்லுவேன். அக்காவின் கை நடுங்குகிறது என்று இந்தக் கம்பி இத்தனை நாள் எனக்கு எழுதிக் கொடுத்ததை உறையில் போட்டுச் சாட்சி என்று வைத்திருக்கிறேன். அடி முட்டாள்.

அறவாழிக்குப் போன் செய்தேன். "மூணு வருஷமா சித்தி. நரம்புத் தளர்ச்சி மாதிரின்னு முதல்ல நெனச்சோம். இப்ப மாத்திர சாப்பிடறாங்க. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க."

"ஏன்டா?"

"மரத்த நான் கெடுத்துருவேன்னு பயப்படுவா, பாவம்னு சொன்னாங்க."

டிசம்பர் 8, ஞாயிறு

திருச்சி போனேன். மரத்தோடு. உறையூரில் அவள் வீட்டுக்கு வழி மறந்திருந்தது. ஆட்டோக்காரர் இரண்டு தெரு சுற்றினார். கதவைத் திறந்த அறவாழி, கூடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று நழுவிவிட்டான். நல்ல பிள்ளை.

அக்கா பால்கனிப் பக்கம் நாற்காலியில் இருந்தாள். மரத்தைத்தான் பார்த்தாள்.

"விழுத ஒடிச்சுட்டியா?"

"ரெண்டு."

"பப்பாளிக் காம்பப் பச்சையாவா மாட்டின?"

"ஆமா."

"நெழல்ல காயவச்சு மாட்டணும்டி. பச்சையா வச்சா அழுகாம என்ன செய்யும்?"

ஒன்பது வருடத்துக்குப் பிறகு முழு வாக்கியம். நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் வலது கை மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மறைக்கவில்லை.

"நான் கட்டின கம்பியெல்லாம் கழட்டிட்டல்ல? அசிங்கமாத்தான் சுத்தியிருந்தேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே சொல்லிவிட்டேன். இந்த வீட்டுக்கு நான் வந்ததே அதைச் சொல்லத்தான். இப்போது சொல்லாவிட்டால், அவளும் போய், நானும் போய், மரம் மட்டும் அந்தக் காயத்தோடு நிற்கும்.

"அக்கா, அந்தக் கிளைய விதிக்காக வெட்டல. கண்காட்சில வந்தவங்க எல்லாரும் அது முன்னாடிதான் நின்னாங்க. யார் வளச்சதுன்னு கேட்டாங்க. எங்கக்கான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுது. வயித்தெரிச்சல்ல வெட்டினேன். புஸ்தகத்துல விதிய அப்புறமாத்தான் தேடினேன்."

தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனார். அவர் போய் முடிந்த பிறகு அக்கா சொன்னாள்.

"அது செத்துக்கிட்டு இருந்த கிளைடி."

"என்ன?"

"அதுக்கு முந்தின மழையில கட்டின கம்பியக் கழட்டாம விட்டுட்டேன். அடிப்பக்கம் இறுகிப் பட்டைக்குள்ள போயிருச்சு. மேல எலை பச்சையா இருந்துச்சு, உள்ள காஞ்சுட்டே வந்துச்சு. ஒங்கிட்டச் சொல்ல வெக்கம். அப்படியே குடுத்துட்டேன். நீ வெட்டலன்னா ரெண்டு மாசத்துல தானா விழுந்திருக்கும். நீ வெட்டுனதும் பழிய ஒம்மேல போட்டுட்டு நான் தப்பிச்சேன். கோவம் மாதிரி காட்டினேன், அப்புறம் எறங்கி வரத் தெரியல."

அக்கா இடப்பக்கத்து வெட்டுத் தழும்பைக் குனிந்து பார்த்தாள்.

"ஆலமரம் உசுரோட இருந்தா வெட்டுன எடத்துல பால் வடியும்ல? நீ வெட்டினப்ப வந்துச்சா?"

"ஞாபகமில்லக்கா."

"வந்திருக்காது" என்றாள். "மூஞ்சியக் கழுவிட்டு வா. காப்பி நீதான் போடணும். நான் தூக்கினா பாதி தரைக்குத்தான்."

காப்பி போட்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் கம்பி சுற்றினேன். 'இறுக்காத', 'இன்னும் சாய்ச்சு', 'அவ்வளவு அவசரம் எங்க போகுது' என்று சாயங்காலம் வரை திட்டு. மரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மாசி முடியும் வரை அது அவள் முறை.

டிசம்பர் 10

பரணில் ஏறி 2015ஆம் வருட டைரியை எடுத்தேன். தூசியில் பத்துத் தும்மல்.

ஜூலை 26 பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'இடப்பக்கக் கீழ்க்கிளையை எடுத்துவிட்டேன். பால் கொட்டியது. சாம்பல் வைத்து அழுத்தியும் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. கையெல்லாம் பிசுபிசுப்பு. சோப்புக்குப் போகவில்லை, எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது.'

முழு உயிரோடு இருந்த கிளை.

டைரியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் வெட்டியது அவளுடைய பன்னிரண்டு வருடம். அதை நான் ஒத்துக்கொண்ட அந்த நொடியில், கை நடுக்கத்தோடு நாற்காலியில் இருந்தபடியே, தான் செய்யாத தப்பை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டாள். எனக்கு இப்படி ஓர் அக்கா இருந்தாள், நான் கரூரில் 'சரி' சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சமைக்கவில்லை.

ஜனவரி 12, 2025

திருச்சி. மூன்றாம் தடவை. விழுது ஒன்று மண்ணைத் தொட்டுவிட்டது. காய்ந்த காம்புதான்.

மார்ச் 16, ஞாயிறு

மரம் வந்துவிட்டது. அக்காவும் வந்துவிட்டாள். வெயில் காலம் முழுக்க இங்கேதான். செந்தளிரை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டுமாம். அறவாழி கரூர் வரை கொண்டுவந்து விட்டு, மாத்திரை வேளைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்.

கோயமுத்தூர் பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். மரம் எங்கள் நடுவில்.

"நீதான் நித்தம் டைரி எழுதறவளாச்சே. அந்த வருஷத்தது வச்சிருக்கியா?" என்று கேட்டாள். எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"வச்சிருக்கேன்."

"எடுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் கை கூடையின் விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"பால் வரலன்னுதான் எழுதியிருக்குக்கா."

அக்கா திரும்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் மூக்கு நுனி சிவக்கும் என்பாள். இப்போதும் சிவந்ததோ என்னவோ.

"நான்தான் சொன்னேன்ல" என்றாள்.

பஸ் வந்தது. ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மரத்தை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.